ப்ராக்ஸி, கேஷ், இன்ன பிற: தமிழில் எப்படித்தான் எழுதுவது?

இருபதாவது வளைவு | ஞாயிறு, காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு பயிற்சி மையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாற்பது கம்ப்யூட்டர், மலைமேல் ஒரே ஒரு இணைப்பு. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இருக்கும், இருக்காது. அதனால் நடுவில் ஒரு பழைய மெஷினில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி ஓடுகிறது, நாற்பதுக்கும் பதிலாகத் தளங்களிடம் கேட்டு வாங்கித் தருவது. உபுண்டு அப்டேட் நாற்பது தடவை மலையேற வேண்டாம், ஒரு தடவை ஏறினால் போதும் என்று, வந்ததன் பிரதியை எடுத்து வைக்கும் கேஷ் ஒன்றும் (ஏப்ட்-கேச்சர்-என்ஜி) வைத்திருக்கிறேன். எங்கள் உள்தளத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி நிற்கிறது.

லேப் உதவியாளர்களுக்காக இதையெல்லாம் விளக்கித் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதினேன். வினை அங்கேதான். பக்கத்தோடு சர்வர் அனுப்பும் 'நோ-கேஷ்' என்ற கட்டளைக்கு நேராகச் 'சேமிக்காதே' என்று போட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் அதை நம்பி, மதிப்பெண் பக்கத்துக்கு நோ-கேஷ் மட்டும் வைத்துவிட்டார். ஒரு மாணவர் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு லாக்-அவுட் செய்து எழுந்தார். அதே மெஷினில் அடுத்து உட்கார்ந்தவர் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார். முன்னவரின் மதிப்பெண் அப்படியே வந்து நின்றது. திட்டு அந்தப் பெண்ணுக்கு, தப்பு என் மொழிபெயர்ப்புக்கு.

குறிப்பேட்டைத் திரும்ப எழுதுகிறேன். ப்ராக்ஸி, ரிவர்ஸ் ப்ராக்ஸி, டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி, கேஷ், ஸ்டேல், வேலிடேஷன். இவற்றுக்குச் சொல் வேண்டும். அகராதியில் கிடைப்பது வேண்டாம், படித்தவுடன் தப்பாகப் புரியாத சொல் வேண்டும்.


லீ பஜார் | ஞாயிறு, காலை 8.02

நான் கணக்கு எழுதுகிறவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். ப்ராக்ஸி என்றால் பினாமிதானே? சொத்து ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருடையது.

கேஷுக்குப் 'பதுக்ககம்' என்று எங்கோ பார்த்தேன். எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் பதுக்கல் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பாதிக் கடை ஷட்டர் இறங்கிவிடும்.


கல்வெட்டு | ஞாயிறு, காலை 9.25

லீ பஜார், சிரித்துவிட்டேன். ஆனால் பதுக்ககம் என்று வைத்தவரை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. கேஷ் என்ற சொல்லே பிரெஞ்சில் 'ஒளித்து வை' என்ற வினையிலிருந்து வந்தது. வேட்டைக்காரர்கள் சாமானைப் புதைத்து வைத்த இடத்துக்குப் பேர் அது. வேர் பார்த்து மொழிபெயர்த்தால் பதுக்கல்தான் சரி.

வேர் சரியாக இருந்து காது தப்பாகக் கேட்டால் என்ன செய்வது? தமிழில் பதுக்கல் என்றால் அரிசி மூட்டையும் வழக்கும்தான் நினைவுக்கு வரும். முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவள் சொல்கிறேன், வேர்ச்சொல் ஆராய்ச்சி குறிப்பேட்டுக்கு உதவாது. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள், சொல் தானாக வரும்.


பழைய கம்பி | ஞாயிறு, காலை 11.40

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. இங்கிலீஷிலேயே இந்தப் பேர்கள் ஒழுங்காக வைக்கப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேஷ் என்ற பேரே இரண்டாவது பேர். 1965-ல் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அந்த யோசனையை எழுதியபோது வைத்த பேர் 'அடிமை நினைவகம்'. 1968-ல் ஐபிஎம் தன் 360 வரிசையின் மாடல் 85 பற்றி எழுதியபோதுதான் கேஷ் வந்தது. அது சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் கதை. வலையில் இந்த வேலை தொடங்கியது பிறகு. 1994-ல் செர்ன் ஆய்வகத்தின் வலை சர்வரிலேயே ப்ராக்ஸியும் கேஷும் சேர்ந்து இருந்தன. அதனால்தான் இன்றைக்கும் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அவை இரண்டு வேறு வேலை. ஒன்றுமே எடுத்து வைக்காத ப்ராக்ஸி உண்டு. ப்ராக்ஸியே இல்லாத கேஷ் உண்டு, உங்கள் பிரவுசருக்குள் இருப்பது அதுதான்.

பேர்கள் குழம்பிப்போய், கடைசியில் 2001 ஜனவரியில் இதற்கென்றே ஓர் ஆவணம் போட்டார்கள், ஆர்எஃப்சி 3040 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசை). வலைப் பிரதிகளுக்கும் கேஷுக்கும் சொல் வகுப்பது மட்டுமே அதன் வேலை. சொல்லுக்காக ஒரு முழு ஆவணம்! நாம் இங்கே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ப்ராக்ஸி. இன்று நடப்பில் இருக்கும் வரையறை 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110. அதன்படி, பயன்படுத்துகிறவர் தானே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்ட இடைத்தரகர்தான் ப்ராக்ஸி. பிரவுசர் செட்டிங்கில் நீங்கள் எழுதி வைத்தால்தான் அது ப்ராக்ஸி. ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று நாம் சொல்வதற்கு அதில் முதல் பேர் கேட்வே. அதைத் தளத்துக்காரர் வைக்கிறார், வருகிறவருக்கு அதுதான் தளம் என்றே தோன்றும். இரண்டுக்கும் வித்தியாசம் திசையில் இல்லை. யார் வைத்த ஆள் என்பதில் இருக்கிறது.


இருபதாவது வளைவு | ஞாயிறு, பகல் 12.15

ஐயா, 'யார் வைத்த ஆள்' என்ற இந்த ஒரு வரியில் என் குறிப்பேட்டின் இரண்டு பக்கம் அடிபட்டுப் போய்விட்டது. ப்ராக்ஸிக்குப் 'பதிலி', ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குத் 'தலைகீழ்ப் பதிலி' என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் வந்து, "அண்ணா, எது தலைகீழா இருக்கு?" என்றான். என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கிறேன். எஸ்டேட்டில் யாராவது ஒருவர் சேலத்துக்கு இறங்குவார். அக்கம்பக்கத்தில் இருக்கிற எல்லாரும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், மாத்திரை, குக்கர் கேஸ்கெட், தட்டுவடை செட் என்று. கடைக்காரருக்கு அவர் முகம்தான் தெரியும், சீட்டு கொடுத்த நம்மைத் தெரியாது. இவர் நாம் அனுப்பிய ஆள். மாறாக, சேலத்துக் கடைக்காரர் ஏற்காட்டில் ஒரு ஆளை உட்கார வைத்து விற்றால், அவர் கடை வைத்த ஆள். நமக்கு அவர்தான் கடை.

அப்படியென்றால் பயனர்பக்கப் பதிலி, தளப்பக்கப் பதிலி. சரியா?


பழைய கம்பி | ஞாயிறு, பகல் 12.31

சரி. பினாமிக்கும் இதுவே பதில். பினாமி என்றால் உண்மையான ஆளை மறைப்பது நோக்கம். பதிலிக்கு அது கட்டாயம் இல்லை. 'வயா' என்ற தலைப்பில் (ஹெடர், செய்தியோடு சேர்ந்து போகும் குறிப்பு வரி) நான் இடையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் விதி.


மேட்டூர் மதகு | ஞாயிறு, மாலை 4.05

கேஷுக்குத் 'தேக்ககம்' நல்ல சொல் ஆயிற்றே, ஏன் யாரும் சொல்லவில்லை? தூரத்திலிருந்து வருவதை வழியில் தேக்கி, கேட்கும்போது திறந்துவிடுவது. 1934 முதல் 120 அடிக்கு எங்கள் ஊரில் நிற்கிறது, 93.47 டிஎம்சி. பெரிய கேஷ்!


கொலுசுப் பட்டறை | ஞாயிறு, மாலை 5.20

மதகு அண்ணா, சொல் அழகு. ஆனால் மேட்டூர் கேஷ் இல்லை, பஃபர். மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் போய்விடும், அதே தண்ணீரை டெல்டாவுக்கு இரண்டாவது தடவை கொடுக்க முடியாது. வேகமாக வருவதையும் மெதுவாகப் போவதையும் சமன் செய்வது பஃபர். கேஷில் ஒரே பிரதியை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம், பிரதி அங்கேயே இருக்கும். அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருப்பதால், பிரதியைத் தூக்கிப் போட்டாலும் நஷ்டம் இல்லை. அணையில் உள்ளதைத் தூக்கிப் போட்டால் கதை என்ன ஆகும்?


மேட்டூர் மதகு | ஞாயிறு, மாலை 5.48

அட, ஆமாம். தேக்ககத்தைப் பஃபருக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாபஸ்.


லீ பஜார் | ஞாயிறு, மாலை 6.30

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மெயின் குடோன் எங்கேயோ இருக்கிறது. கடையில் கொஞ்சம் கையில் இருக்கிறது. கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்போம், இல்லாவிட்டால் குடோனுக்கு ஆள் அனுப்புவோம். இதற்கு நாங்கள் தினமும் எழுதுகிற பேர் ஒன்று இருக்கிறதே, கையிருப்பு.


கல்வெட்டு | ஞாயிறு, மாலை 6.41

கம்ப்யூட்டர் தெரியாது என்றவர்தான் கொடுத்தார் பாருங்கள்! கையிருப்பு. கெட்ட வாசனை இல்லை, எல்லாருக்கும் தெரியும், வேற்றுமை உருபு ஏற்கும். கையிருப்பில் உண்டு, கையிருப்பில் இல்லை, கையிருப்பிலிருந்து கொடு. ஹிட், மிஸ் என்று தனியாக இரண்டு சொல் தேட வேண்டிய வேலையும் போயிற்று.


கொலுசுப் பட்டறை | ஞாயிறு, இரவு 8.15

கையிருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பிரவுசருக்குள் இருப்பது சொந்தக் கையிருப்பு, பலருக்கும் பொதுவாக நடுவில் இருப்பது பொதுக் கையிருப்பு. இந்தப் பிரிவு முக்கியம். 'பிரைவேட்' என்று தலைப்பு வந்தால் சொந்தக் கையிருப்பில் வைக்கலாம், பொதுவில் வைக்கக் கூடாது.

இனி ஸ்டேல், ஆயுள் தாண்டிய பிரதி. தயவுசெய்து இதற்குக் 'காலாவதி' என்று எழுதாதீர்கள். இதில் அடிபட்டவன் நான்.

எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வெள்ளி ரேட்டைக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை அப்பாவின் நண்பர்களுக்காகச் செய்து கொடுத்தேன். ரேட்டுக்கு ஆயுள் பத்து நிமிடம் என்று வைத்தேன், அதாவது மேக்ஸ்-ஏஜ் 600. மூலம், அதாவது அசல் இருக்கும் சர்வர், கொடுத்ததிலிருந்து 600 நொடி வரை அது புதுசு. 601-வது நொடியில் அது கெட்டுப் போய்விடுகிறதா? இல்லை. நாள்பட்டது ஆகிறது, அவ்வளவுதான். நாள்பட்டதைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தைக் கேட்கலாம், இதுதான் வேலிடேஷன்: "என்னிடம் இந்த லாட் நம்பர் இருக்கிறது, மாறிவிட்டதா?" அந்த லாட் நம்பர்தான் இ-டேக். மூலம் "மாறவில்லை" என்றால் 304 என்று ஒரு சின்னப் பதில் வரும், பக்கம் திரும்ப இறங்காது. கையில் இருப்பதே மறுபடி புதுசு. வெள்ளி மார்க்கெட் லீவு நாளில் முழுக்க முழுக்க 304 தான்.

இதைக் காலாவதி என்று எழுதியிருந்த ஒரு குறிப்பைப் படித்த என் நண்பன், ஆயுள் முடிந்த பிரதியை எல்லாம் அழிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டான். மருந்து அட்டையில் காலாவதி என்றால் குப்பைத் தொட்டிதானே? அவன் தப்பில்லை. ஒவ்வொரு பத்து நிமிடமும் எல்லாவற்றையும் முழுசாக இறக்கி, கையிருப்பு வைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போனது. மூலம் எழுந்திருக்காத நேரத்தில் நாள்பட்டதையே கொடு என்று சொல்லவும் வழி இருக்கிறது, 2010-ல் ஆர்எஃப்சி 5861-ல் வந்தது. காலாவதியானதைக் கொடு என்று எழுதினால் படிப்பவருக்கு எப்படி இருக்கும்?

தளம் ஆயுளே சொல்லாமல் விட்டால் கையிருப்புக்காரர் தானாக ஓர் ஆயுள் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக மாறி எவ்வளவு நாள் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். இதற்கு நான் வைத்த பேர் குத்துமதிப்பு ஆயுள். பட்டறையில் எல்லாரும் உடனே புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் செய்கூலியே அங்கே அப்படித்தான்.


இருபதாவது வளைவு | ஞாயிறு, இரவு 8.50

அப்படியென்றால் என்னை மாட்டிவிட்ட நோ-கேஷ்?


கொலுசுப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.04

நோ-கேஷ் என்றால் 'கேட்காமல் கொடுக்காதே'. எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் மூலத்தைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். நோ-ஸ்டோர் என்றால்தான் 'வைத்துக்கொள்ளாதே'. முதலாவதற்குப் பேர் வைத்தவரை யாராவது ஏற்காட்டு வளைவில் நிறுத்தி இறக்கிவிட வேண்டும்.


பழைய கம்பி | ஞாயிறு, இரவு 9.30

ஒரு திருத்தம். பின்னால் போகும் பொத்தான் காட்டியது கண்டிப்பாகச் சொன்னால் கையிருப்பு இல்லை, பிரவுசரின் வரலாறு. ஏற்கெனவே பார்த்ததைப் பார்த்தபடி காட்டுவது அதன் வேலை, அது மூலத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. மதிப்பெண் மாதிரிப் பக்கத்துக்கு நோ-ஸ்டோர் வைப்பதுதான் முறை. அதோடு பொது மெஷினில் பிரவுசரை மூடிவிட்டு எழச் சொல்லுங்கள். தலைப்பு ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

'கேட்காமல் கொடுக்காதே' அருமை. இங்கிலீஷில் இல்லாத தெளிவு. அங்கே பேர் வைத்தாயிற்று, இனி மாற்ற முடியாது. 'ரெஃபரர்' என்பதில் எழுத்துப் பிழையோடு தலைப்பை அனுப்பிவிட்டு முப்பது வருடமாகப் பிழையோடே ஓட்டுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுடைய பிழையை மொழிபெயர்த்துத் தரவும் வேண்டாம்.

இப்போது டிரான்ஸ்பரன்ட். குழப்பத்தின் தாய் இதுதான். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1919-ல் டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி என்றால் பயன்படுத்துகிறவருக்கே தெரியாமல் வழியில் நின்று பிடித்துக்கொள்வது. 1999 ஜூனில், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி 1.1-ஐ வரையறுத்த ஆர்எஃப்சி 2616-ல் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு: போவதையும் வருவதையும் மாற்றாமல் கொடுக்கும் பதிலி. ஒன்று கண்ணுக்குத் தெரியாதது, மற்றொன்று கை வைக்காதது. கண்ணுக்குத் தெரியாமல் நின்று கை வைப்பதும் உண்டே! அதனால்தான் 3040 முதல் வகைக்கு 'இன்டர்செப்ஷன் ப்ராக்ஸி' என்று தனிப் பேர் கொடுத்தது. 9110 ஒருபடி மேலே போய், பயனர் தேர்ந்தெடுக்காததால் அது ப்ராக்ஸியிலிருந்தே வேறுபட்டது என்கிறது.


கல்வெட்டு | திங்கள், காலை 6.50

'ஒளிபுகு பதிலி' என்று ஓர் அகராதியில் பார்த்து, ஏதோ கண்ணாடி சம்பந்தப்பட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு வேலை என்றால் இரண்டு சொல்: வழிமறிப் பதிலி, மாற்றாப் பதிலி. ஐயா சொன்னபடி முதலாவது பதிலியே இல்லை என்றால் வழிமறிப்பான் என்று மட்டும் சொல்லலாம்.


இருபதாவது வளைவு | திங்கள், காலை 7.30

வழிமறிப்பான் பிரமாதம். எங்கள் அடிவாரம் செக்போஸ்ட் மாதிரி. சீட்டு கொடுத்து நான் அனுப்பிய ஆள் இல்லை, கடைக்காரர் வைத்த ஆளும் இல்லை. பாதையில் நிற்கிறது, அந்த வழியாகத்தான் போக வேண்டும். லாட்ஜில் வைஃபை போட்டதும் ரூம் நம்பர் கேட்டு ஒரு பக்கம் வந்து நிற்குமே, அந்த ஜாதி.

ஒரு சந்தேகம். தளப்பக்கப் பதிலி, மூல சர்வர் இரண்டையும் விளக்க எங்கள் மையத்தில் ஒருவர் மூலவர், உற்சவர் என்றார். மூலவர் கருவறையை விட்டு நகர மாட்டார். ஊருக்குள் வந்து தரிசனம் கொடுப்பவர் உற்சவர், அவரைக் கும்பிட்டால் மூலவரைக் கும்பிட்ட மாதிரி. குறிப்பேட்டில் போடலாமா?


கல்வெட்டு | திங்கள், காலை 7.44

வகுப்பில் வாயால் சொல்லுங்கள், ஒரு நொடியில் புரியும். சொல்லாக வைக்காதீர்கள். உற்சவர் நாள்பட்டுவிட்டார், உற்சவரைத் துடைத்து எடு என்றெல்லாம் எழுத வேண்டி வரும். ஆடி மாதத்தில் நமக்கு எதற்கு வம்பு?


பழைய கம்பி | திங்கள், காலை 8.10

3040 இதற்கு 'சரகேட்' என்று பேர் வைத்தது, மூலத்தின் சார்பாக அதன் அதிகாரத்தோடு நிற்பவர் என்று. உற்சவர் அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறார், ஆனாலும் டீச்சர் பக்கம்தான் நான். 'மூலம்' மட்டும் இருக்கட்டும். மூல சர்வர் போதும்.


கொலுசுப் பட்டறை | திங்கள், காலை 9.00

இன்வேலிடேஷன் மிச்சம் இருக்கிறது. நான் 'செல்லாதாக்குதல்' என்று எழுதுகிறேன். 2016 நவம்பருக்கு அப்புறம் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோட்டு கையில் இருக்கும், ஆனால் செல்லாது. பிரதியும் அப்படித்தான், வட்டில் இருக்கும், கேட்காமல் கொடுக்க முடியாது. 'பர்ஜ்' வேறு, அது இருப்பதையே துடைத்துவிடுவது.


புதுசா வந்தவள் | திங்கள், இரவு 7.20

வணக்கம். மதிப்பெண் பக்கத்தில் மாட்டிய ஆள் நான்தான். அண்ணன் இந்த இழையைக் காட்டினார். இன்றைக்கு மதியம் உட்கார்ந்து குறிப்பேட்டில் எல்லாச் சொல்லையும் மாற்றினோம்.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்க்விட் லாக்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் 'கனெக்ட்' என்று தளத்தின் பேர் மட்டும் இருக்கிறது. என்ன பக்கம் என்று இல்லை, கையிருப்பில் எதுவும் சேரவும் இல்லை. இது எந்தப் பதிலி?


பழைய கம்பி | திங்கள், இரவு 7.52

நல்லா பார்த்தீங்கம்மா. அது எச்டிடிபிஎஸ், பூட்டிப் பேசும் எச்டிடிபி. கனெக்ட் கேட்டதும் பதிலி ஒரு சுரங்கமாக மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் தள்ளும், உள்ளே இருப்பது பூட்டிய பெட்டி. பூட்டியதை எடுத்து வைத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதே. இப்போது பெரும்பாலான தளங்கள் இப்படி ஆகிவிட்டதால், பயனர்பக்கத்தில் பொதுக் கையிருப்பு வைப்பதில் பழைய லாபம் இல்லை. உங்கள் உபுண்டு அப்டேட் தப்பித்தது எப்படி என்றால், அந்தத் தொகுப்புகள் வெறும் எச்டிடிபியிலேயே வரலாம். அவை அசலா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துத் தனியாகப் பார்த்துக்கொள்வார்கள்.


புதுசா வந்தவள் | திங்கள், இரவு 8.05

அப்போ உள்ளே என்ன போகுதுன்னே தெரியாதுன்னா, அந்த நேரத்துல அதைப் பதிலின்னு சொல்லலாமாங்க ஐயா?


பழைய கம்பி | திங்கள், இரவு 8.11

கூடாது. சுரங்கமாக இருக்கும் வரை அது அந்தப் பேச்சில் ஓர் ஆளே இல்லை என்றுதான் விதியும் சொல்கிறது. குறிப்பேட்டில் அந்த வரியை நீங்களே எழுதுங்கள்.


இருபதாவது வளைவு | திங்கள், இரவு 8.40

எழுதிவிட்டார்: "சீட்டைப் படித்துச் சாமான் வாங்கி வருபவர் பதிலி. பூட்டிய பையை அப்படியே கைமாற்றிவிடுபவர் சுரங்கம். ஒரே ஆள் காலையில் அதுவாகவும் மாலையில் இதுவாகவும் இருப்பார்." எட்டாம் பக்கத்தில் சேர்த்தாயிற்று. மழை ஆரம்பித்துவிட்டது, இணைப்பு போவதற்குள் இதை அனுப்புகிறேன்.